பார்பேரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலையை ஒட்டி இருக்கிறது பியட்மாண்ட் மாநிலம். அதன் ஒயினைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பரோலோ என்ற பெயர்பெற்ற சிவப்பு ஒயினில்தான் போய் நிற்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மேசையில் இருப்பது பெரும்பாலும் பார்பேரா. ஓர் அறுவடைக் காலம் முழுக்க அந்தப் பக்கம் தங்கியிருந்தேன். அதற்குப் பிறகு நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

பார்பேரா என்பது ஊரா, திராட்சையா, ஒயினா?

திராட்சை ரகத்தின் பெயர். அதிலிருந்து செய்யும் சிவப்பு ஒயினுக்கும் அதே பெயர்தான். பரோலோ கதை வேறு. அது ஊரின் பெயர், அங்கே ஒயினாவது நெபியோலோ என்ற திராட்சை. பியட்மாண்டில் அதிகம் பயிராகும் சிவப்புத் திராட்சை பார்பேராதான்.

சுவை எப்படி இருக்கும்?

இதைத் தமிழில் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. புளிப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று அறுசுவைக் கணக்கிலேயே பிரித்து வைத்திருக்கிறோம் அல்லவா? சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள அந்த இரண்டு சொல்லும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. புளிப்பு அமிலத்திலிருந்து வருகிறது; வாயில் நீர் ஊற வைக்கும். துவர்ப்பு, திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானினிலிருந்து வருகிறது. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் நாக்கும் ஈறும் ஒரு மாதிரி இறுகுமே, அதுதான் அது.

பெரும்பாலான பெயர்பெற்ற சிவப்பு ஒயின்களில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும். முதல் முறை குடிப்பவர் முகம் சுளிப்பது அதனால்தான். பார்பேராவில் துவர்ப்பு மிகக் குறைவு, புளிப்பு அதிகம். வாயை இறுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். செர்ரி, பிளம், கருப்பு பெர்ரி வாசனை. நாவல்பழத்தை நினைவுபடுத்தும் கருநீலச் சிவப்பு. இளம் பார்பேராவைக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பில் ஊதா நிறம் தெரியும். நிறத்தைப் பார்த்தால் வாயை அடைத்துவிடும் போலிருக்கும். குடித்தால் லேசாக இருக்கும். அந்த முரண்தான் முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டது.

புளிப்பு என்றால் பழுக்காத பழத்தில் செய்கிறார்களா?

இல்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன். செப்டம்பர் கடைசியில், நீட்ஸா ஊருக்கு வெளியே ஒரு சரிவில், பறிக்கத் தயாராக இருந்த கொத்திலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். தோல் கருநீலமாக, மேலே வெள்ளைப் பூச்சோடு இருந்தது. விதை பழுப்பாகி, கடித்தால் நொறுங்கியது. நன்றாகப் பழுத்ததற்கு அதுதான் அடையாளம். முதலில் நல்ல தித்திப்பு. அடுத்த நொடி தாடை ஓரத்தில் சுரீரென்று ஒரு புளிப்பு. எவ்வளவு வெயில் காய்ந்தாலும் இந்தத் திராட்சை தன் அமிலத்தை அவ்வளவு லேசில் விடாது. அது அதன் பிறவிக் குணம்.

அதை அப்படியே பாட்டிலில் அடைத்தால் பல் கூசும். அதனால் சர்க்கரை சாராயமாக மாறி முடிந்ததும் இன்னொரு மாற்றம் நடக்கிறது. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தை, பாக்டீரியாக்கள் தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பின் முனை மழுங்கி, உருண்டையாகிறது. பழைய நாட்களில் குளிர்காலத்தில் நிலவறை சில்லிட்டுப்போய் இந்த வேலை பாதியில் நின்றுவிடும். இப்போது அறையின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்து முடித்துவிடுகிறார்கள். முரட்டுப் பார்பேரா சாதுவானதற்கு இது ஒரு பெரிய காரணம்.

சிவப்பு ஒயின் பழக்கமில்லாதவர் இதிலிருந்து தொடங்கலாமா?

தாராளமாக. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல இடம் இல்லை. பரோலோவை விட விலையும் வெகு குறைவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். லேசாக இறங்குகிறதே என்று சாராய அளவும் குறைவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இப்போதெல்லாம் 14, 14.5 விழுக்காடு சாதாரணம். லேபிளைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

இனிப்பாக இருக்குமா?

இருக்காது. பழ வாசனை இனிப்பு போலத் தோன்றும், அவ்வளவுதான். சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் நொதித்துப் போயிருக்கும்.

ஆஸ்தி, ஆல்பா, மொன்ஃபெராத்தோ, நீட்ஸா என்று லேபிளில் ஏதேதோ போட்டிருக்கிறதே, எதை வாங்குவது?

கடையில் எல்லோரும் குழம்புவது இங்கேதான். நான்கும் ஒரே திராட்சை, நிலம் வேறு. ஒவ்வொரு நிலத்திலும் பார்பேராவுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. எனக்கு இது புரியவே கொஞ்ச நாள் ஆயிற்று.

ஆல்பா பக்கம் நெபியோலோதான் ராஜா. பரோலோவும் பார்பரெஸ்கோவும் அங்கேதான் விளைகின்றன. தெற்குப் பார்த்து நாள் முழுக்க வெயில் வாங்கும் சரிவுகளை எல்லாம் நெபியோலோ எடுத்துக்கொள்கிறது. மீதியில்தான் பார்பேரா. இது குறையில்லை. பரோலோ செய்யும் கைகளே செய்வதால் பார்பேரா தால்பாவில் (ஆல்பாவின் பார்பேரா) பல, கனமாகவும் சதைப்பிடிப்பாகவும் இருக்கும். 15 விழுக்காடு வரை நெபியோலோ சேர்க்கவும் சட்டம் இடம் தருகிறது.

ஆஸ்தி பக்கம் வந்தால் நிலைமை தலைகீழ். இங்கே பார்பேராதான் வீட்டின் மூத்த பிள்ளை. மிக நல்ல சரிவு அதற்குத்தான். பார்பேரா தாஸ்தியில் குறைந்தது 90 விழுக்காடு பார்பேரா இருக்க வேண்டும். ஆல்பாவை விடக் கொஞ்சம் நிமிர்ந்து, பளிச்சென்று இருக்கும். புளிப்பை ஒளித்து வைக்காது.

மொன்ஃபெராத்தோ ஆஸ்தியையும் அதன் கிழக்குப் பக்கத்துக் குன்றுகளையும் சேர்த்த பெரிய பரப்பு. சாதாரண பார்பேரா தெல் மொன்ஃபெராத்தோ எளிமையான தினசரி ஒயின்.

நீட்ஸா என்பது ஆஸ்தி நிலத்துக்குள்ளேயே பொறுக்கி எடுத்த 18 ஊர்கள். நடுவில் இருப்பது நீட்ஸா மொன்ஃபெராத்தோ என்ற ஊர். பிரான்சின் நீஸ் நகரத்துக்கும் இத்தாலியில் நீட்ஸா என்றுதான் பெயர். அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலில் ஆஸ்தியின் உட்பிரிவாக இருந்தது, 2014இல் தனி டி.ஓ.சி.ஜி. (அரசின் மேல்படி நிலப்பெயர்ப் பாதுகாப்பு) ஆகிவிட்டது. நூற்றுக்கு நூறு பார்பேரா, குறைந்தது 18 மாதம் பதப்படுத்த வேண்டும், அதில் 6 மாதம் மரத்தில். 'ரிசெர்வா' என்று போட்டிருந்தால் 30 மாதம், அதில் ஒரு வருஷம் மரத்தில்.

முதல் பாட்டிலுக்கு என் ஓட்டு சாதாரண பார்பேரா தாஸ்திக்குத்தான். நீட்ஸாவை மூன்றாவது நான்காவது பாட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அது என்ன கூடுதலாகச் செய்கிறது என்று தெரியும்.

டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி., சுபீரியோரே?

முதல் இரண்டும் அரசின் நிலப்பெயர்ப் பாதுகாப்பு. நம் புவிசார் குறியீடு போல, ஆனால் எந்தத் திராட்சை, ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை மாதம் என்பது வரை விதி இருக்கும். டி.ஓ.சி.ஜி. மேல்படி. பார்பேரா தாஸ்தி 1970இல் டி.ஓ.சி. ஆனது, 2008இல் டி.ஓ.சி.ஜி. ஆனது. பார்பேரா தால்பா இன்னும் டி.ஓ.சி.தான், அதனால் மட்டம் என்று அர்த்தமில்லை. சுபீரியோரே என்றால் கூடுதல் காலம் பதப்படுத்தியது. ஆஸ்தியில் அது 14 மாதம், அதில் 6 மாதம் மரத்தில்.

இது எவ்வளவு பழைய ரகம்?

காசாலே மொன்ஃபெராத்தோ தேவாலயத்தின் 13ஆம் நூற்றாண்டு நிலக் குத்தகை ஆவணங்களில் பார்பேராவைப் போல ஒலிக்கும் ஒரு திராட்சைப் பெயர் வருகிறது. அது இதே ரகம்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சந்தேகமில்லாத குறிப்பு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் கிடைக்கிறது.

அது பரவிய கதை அதற்கும் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் கொடிகளை அரித்துத் தின்றது. திரும்ப நட வேண்டிய நிலை வந்தபோது, விவசாயிகள் பார்பேராவைத் தேடிப் போனார்கள். எந்த மண்ணிலும் வரும், நிறையக் காய்க்கும், நெபியோலோவுக்கு முன்பே பழுத்துவிடும். குடும்பத்துக்கு வயிறு நிரம்ப வேண்டுமென்றால் அதைத்தான் நடுவார்கள். ஆனால் நிறையக் காய்க்கும் கொடியை அதன் போக்கில் விட்டால் ஒயின் தண்ணீராகிவிடும், புளிப்பு மட்டும் மிஞ்சும். அந்தப் பழி பார்பேராவின் மேல் நூறு வருஷம் கிடந்தது.

1986இல் என்ன நடந்தது? பார்பேராவைக் குடித்துப் பலர் இறந்தார்கள் என்கிறார்களே?

உண்மை. பார்பேரா பிடித்தவர்கள் இதை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். 1986 மார்ச்சில், மலிவு ஒயினின் சாராய அளவை ஏற்றிக் காட்ட மெத்தனால் கலந்திருந்தது வெளியே வந்தது. பார்பேரா என்ற பெயரில் கடைகளில் விற்ற பாட்டில்கள் அதில் இருந்தன. 23 பேர் இறந்தார்கள். பலருக்குக் கண் போனது. மெத்தனால் உடம்பில் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மரக்காணத்தில் 2023இலும் கள்ளக்குறிச்சியில் 2024இலும் கொன்றது அதே நஞ்சுதான்.

திராட்சை ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் பெயர் கெட்டது. இத்தாலிய ஒயின் ஏற்றுமதி சரிந்தது. நேர்மையாகச் செய்துகொண்டிருந்த சிறு விவசாயிகளும் சேர்ந்தே அடிவாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் சோதனையும் கட்டுப்பாடும் இறுகின. அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டுவது தவிர வேறு வழியில்லை என்பதும் பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு பெயர் எப்படி மீண்டது?

ஒரே ஆளால் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது: ஜாக்கொமோ பொலோஞா. ஆஸ்திக்கு அருகில் ரொக்கேத்தா தானாரோ என்ற ஊரில் பிரைதா என்ற ஒயின் பண்ணை அவருடையது. பார்பேராவைக் குடம் குடமாக விற்கும் சரக்காகத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஒரு குன்றின் பழத்தைத் தனியே பிரித்து, விளைச்சலைக் குறைத்து, 225 லிட்டர் பிடிக்கும் சிறிய புது ஓக் பீப்பாய்களில் வைத்தார். பிரான்சில் விலையுயர்ந்த ஒயினுக்குச் செய்வதை இதற்குச் செய்தார். 1982 அறுவடையில் வந்த அந்த ஒயினுக்கு பிரிக்கோ தெல்லுச்செல்லோனே என்று பெயர். 'பெரிய பறவையின் குன்று' என்று பொருள் வரும். எப்போதும் கறுப்பு உடையில் நடமாடிய ஒரு பெண்மணி அந்தக் குன்றில் குடியிருந்தாராம். ஊரார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அந்தப் பறவை.

இதன் சூட்சுமம் எளிது. பார்பேராவில் இல்லாதது டானின். ஓக் மரத்தில் இருப்பதும் டானின். இல்லாததை மரம் கொடுத்தது, இருந்த புளிப்பு அதைத் தாங்கி நின்றது. பொலோஞா 1990இல் காலமானார். அவர் பிள்ளைகள் பண்ணையைத் தொடர்ந்தார்கள்.

அப்படியானால் மரத்தில் வைத்த பார்பேராதான் உயர்ந்ததா?

நான் அப்படி நினைக்கவில்லை. 1990களில் எல்லோரும் பொலோஞாவைப் பின்பற்றிப் போய், சில ஒயின்களில் திராட்சை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வெனிலா வாசனையும் வறுத்த வாசனையும்தான் முன்னால் நின்றன. இப்போது பலர் பெரிய, பழைய பீப்பாய்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அவை மரவாசனையை அவ்வளவாக ஏற்றாது. எஃகுத் தொட்டியில் மட்டும் செய்த ஒயினும் நிறைய. எனக்குப் பிடித்தது எஃகுத் தொட்டிதான். செர்ரியும் புளிப்பும் எந்தப் போர்வையும் இல்லாமல் வரும்.

எதோடு சாப்பிடுவது?

இதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். பார்பேராவைத் தனியாக உட்கார்ந்து ருசி பார்ப்பது பாதிக் குடிப்பதுதான். அதன் புளிப்புக்கு வேலை இருக்கும் இடம் சாப்பாடு. எண்ணெயும் வெண்ணெயும் கொழுப்பும் நாக்கில் படிந்தால் ஒரு மடக்கு அதை வழித்துவிடும், அடுத்த வாய்க்கு நாக்கு புதிதாகிவிடும். தக்காளிக்கு முன்னால் பல ஒயின்கள் சப்பென்று ஆகும். பார்பேரா ஆகாது, அதற்கே புளிப்பு இருப்பதால். பீட்சா, தக்காளிச் சாற்றோடு பாஸ்தா, சுட்ட குடைமிளகாய், வெண்ணெயில் புரட்டிய ஆஞோலோத்தி (உள்ளே பூரணம் வைத்த பாஸ்தா) எல்லாம் பொருந்தும்.

ஆனால் அந்த ஊரில் பார்பேரா என்றதும் அவர்கள் வாயில் வரும் பெயர் பாஞா காவ்தா. 'சூடான சாறு' என்று பொருள். நிறையப் பூண்டு, உப்பில் ஊறிய நெத்திலி, ஆலிவ் எண்ணெய். மூன்றையும் பூண்டு கரையும் வரை சின்னத் தீயில் வேக வைக்கிறார்கள். அறுவடை முடிந்து குளிர் தொடங்கும்போது செய்யும் சாப்பாடு. ஒவ்வொருவர் முன்னும் ஒரு சின்ன மண் பாத்திரம், அடியில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும், சாறு ஆறாமல் இருக்க. காய்களைக் கையில் எடுத்து, முக்கி, எண்ணெய் சொட்டாமல் ஒரு ரொட்டித் துண்டை அடியில் ஏந்திக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கடைசியில் அந்த ரொட்டியும் வயிற்றுக்குள்.

முக்கும் காய்களில் ஒன்று நீட்ஸாவுக்கே உரியது: கூன் கார்தூன். ஆர்டிசோக் குடும்பத்துச் செடி, பார்க்க செலரித் தண்டு போல இருக்கும். செப்டம்பரில் அதை வளைத்து மண்ணுக்குள் புதைக்கிறார்கள். செடி வெளிச்சத்தைத் தேடி மேலே வர முயன்று கூன் போட்டு வளைகிறது. இருட்டில் இருப்பதால் பச்சை போய் வெளுத்து, கசப்பு குறைந்து, பச்சையாகவே கடிக்கும் அளவுக்கு மிருதுவாகிவிடுகிறது. வெள்ளைத் தண்டை ஒடித்தபோது நறுக்கென்று சத்தம் கேட்டது. பூண்டுச் சாற்றில் முக்கிக் கடித்தேன். உப்பு, காரம், எண்ணெய், கடைசியில் ஒரு மெல்லிய கசப்பு. அதன் மேல் ஒரு மடக்கு பார்பேரா. வாய் கழுவிவிட்டது போல் ஆனது. கை மறுபடி தண்டை நோக்கிப் போனது.

சைவர்கள் குடிக்கலாமா?

திராட்சையில் பிரச்சினை இல்லை, தெளிய வைக்கும் வேலையில்தான் இருக்கிறது. ஒயினைத் தெளிவாக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின், மீன் பசை, பால் புரதம் சேர்ப்பார்கள். அவை வண்டலோடு கீழே இறங்கிவிடும். அதுவும் வேண்டாம் என்பவர்கள் லேபிளில் வீகன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டும்?

16 டிகிரி சுமார். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வது ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறையை வைத்து. 32 டிகிரி அறையில் அதைப் பின்பற்றினால் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். திறப்பதற்கு முன் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

எத்தனை வருஷம் வைத்திருக்கலாம்?

சாதாரண பார்பேராவை 3, 4 வருஷத்துக்குள் முடித்துவிடுங்கள். நல்ல நீட்ஸா 10 வருஷம் தாண்டும்.

நான் திறந்த பாட்டிலில் குமிழி வந்தது. கெட்டுப்போய்விட்டதா?

லேபிளைப் பாருங்கள். 'ஃப்ரித்ஸாந்தே' அல்லது 'விவாச்சே' என்று இருந்தால் அது வேண்டுமென்றே செய்தது. முன்பு, குளிர்காலத்தில் நின்றுபோன நொதித்தல் வசந்தத்தில் மறுபடி தொடங்கி ஒயின் லேசாகப் பொங்கும். மக்கள் அந்தச் சுவைக்குப் பழகிவிட்டார்கள். மொன்ஃபெராத்தோவிலும், பக்கத்து லொம்பார்தியாவின் ஓல்த்ரெப்போ பவேசேயிலும் இன்றும் செய்கிறார்கள். வறுத்த பன்றிக்கறித் தட்டோடு நன்றாகப் போகும். லேபிளில் அப்படி எதுவும் இல்லாமல் பொங்கினால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

'லா பார்பேரா' என்கிறார்களே, ஏன்?

இத்தாலிய மொழியில் ஒயின் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். இல் பரோலோ, இல் டொல்செத்தோ. ஆனால் பார்பேராவைப் பியட்மாண்டில் பெண்பாலில் 'லா' போட்டுச் சொல்வார்கள். வீட்டில் ஒருத்தியைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும் அது.

இத்தாலிக்கு வெளியே கிடைக்குமா?

பிழைக்கப் போன இத்தாலியர்கள் கொடியையும் கூடவே கொண்டுபோனார்கள். அர்ஜென்டினாவிலும் கலிஃபோர்னியாவிலும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சூடான மத்தியப் பள்ளத்தாக்கில், வெயிலிலும் புளிப்பு இறங்காது என்பதற்காகவே மற்ற ஒயினோடு கலக்க வளர்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் கொஞ்சம் உண்டு.

இன்று இந்தத் திராட்சைக்கு என்ன ஆபத்து?

வெப்பம் கூடுவதை மற்ற ரகங்களை விட பார்பேரா நன்றாகத் தாங்குகிறது. பழம் முழுதாகப் பழுத்தாலும் புளிப்பு மிஞ்சுகிறது. ஆனால் சர்க்கரை ஏறுவதால் சாராய அளவும் ஏறிக்கொண்டே போகிறது.

பெரிய பயம் 'பொன் மஞ்சள் நோய்', இத்தாலியனில் ஃப்ளவெசென்ஸா தொராத்தா. ஒரு சின்னத் தத்துப்பூச்சி கொடிக்குக் கொடி பரப்பும் நோய். பார்பேரா அதற்கு மிக எளிதாகப் பலியாகும் ரகம். இலை சுருண்டு நிறம் மாறும், கொத்து வாடும். பிடித்த கொடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கி எறிய வேண்டியதுதான். நான் நடந்த தோட்டங்களில் வரிசை நடுவே பல் விழுந்தது போல் இடைவெளிகள். அந்த இடங்களில் முழங்கால் உயரக் கன்றுகள், ஒவ்வொன்றும் ஒரு குச்சியில் கட்டி. அவை காய்த்து ஒயினாக மூன்று நான்கு வருஷமாவது ஆகும்.

நேரில் போய்ப் பார்க்க எப்போது நல்லது?

அந்தக் குன்றுகள் 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நீட்ஸாவும் பார்பேராவும் அதில் தனி அங்கம். செப்டம்பர் இறுதியில் போனால் அறுவடை பார்க்கலாம், ஆனால் உங்களிடம் பேச யாருக்கும் நேரமிருக்காது. நவம்பரில் போங்கள். பனிமூட்டம் குன்றுகளுக்கிடையே தேங்கி நிற்கும், கொடிகளில் இலை சிவந்திருக்கும், புது ஒயின் தொட்டியில் இருக்கும், சந்தையில் கூன் கார்தூன் வந்திருக்கும். டூரினிலிருந்து ஆஸ்திக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து நீட்ஸாவுக்கு ஒரு கார் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயின் ருசிக்கப் போகிறீர்கள் என்றால் ஓட்டுவதற்கு குடிக்காத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.